அச்சியா ஊரறிய வெளியிட்ட மரபணு

அச்சியாவிடம் யாராவது எதையாவது சும்மா கொடுத்தால் போச்சு, அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் கிடையாது. எங்கள் குமாசி ஊர்ச் சந்தையில் தக்காளிக்காரி ஒரு பழம் கொசுறு போட்டால்கூட, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல எங்க அழுகல்?" என்று கேட்கிற பிறவி. அப்படிப்பட்டவளின் ஆய்வுக்கூடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மரபணு இலவசமாக வந்தது. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், செய்து விற்கலாம் என்ற திறந்த உரிமத்தோடு. அவள் நம்பவே இல்லை. ஆனாலும் அதைத் திருத்தி, பாக்டீரியாவுக்குள் செலுத்தி, மின்சாரம் போனாலும் கெடாத நொதி ஒன்றைப் பாடுபட்டுச் செய்துவிட்டாள். பச்சைக் குழந்தைகளுக்கு அரிவாள் செல் நோய் இருக்கிறதா என்று பார்க்க, சுற்றுவட்டார மருத்துவமனைகள் அதைத்தான் நம்பியிருந்தன.

ஒரு நாள் தலைநகர் அக்ராவிலிருந்து அம்போஃபோ என்ற மருந்துக் கம்பெனிக்காரர் ஷ்னாப்ஸ் மதுப் புட்டியோடு வந்தார். முறைப்படி தண்ணீர் கொடுத்து, வந்த சேதி என்ன என்று கேட்டார்கள்.

"சேதி ஒண்ணுமில்ல மேடம். நம்ம ஊர்ப் பிள்ளைங்க சாதிச்சிருக்கீங்க, பாராட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

பாராட்ட வந்தவர் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியைக் கேட்டார்: "இதை இன்னும் எங்கயும் வெளியிடலையே?" இல்லை என்றதும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அச்சியாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

போன் பேச வெளியே போனவள் திரும்பி வருவதற்குள் ஆள் கிளம்பிவிட்டார். கூட வேலை பார்க்கும் டங்குவாவின் மேஜையில் புட்டி உட்கார்ந்திருந்தது.

"டேய், அதை ஏன்டா வாங்கின?"

"பெரிய மனுஷன் ஆசையா நீட்டறாரு, வேணாம்னா சொல்ல முடியும்?"

"சரி, பதிலுக்கு நீ என்ன குடுத்த?"

டங்குவா தலையைச் சொறிந்தான். "நம்ம பாக்டீரியா ஒரு குழாய் கேட்டாரு அக்கா. புட்டியை வாங்கிட்டு இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

அதானே! எங்கள் பக்கத்தில் வந்தவர் கொடுத்த மதுவை வாங்கிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நிலம் கைமாறுவதும் அப்படித்தான்.

"பாவி! அதுக்குள்ள இருக்கிற நம்ம திருத்தின மரபணுவைப் படிச்சுத் தன் பேர்ல காப்புரிமை வாங்கிட்டான்னா, நம்ம நொதியைச் செய்ய அவன் வாசல்ல போய் நிக்கணும்டா!"

"நாம முந்திக்கிட்டு வாங்கிடலாமே?"

"வக்கீலுக்குக் காசு உங்கப்பனா அழுவான்?"

வழி ஒன்றுதான் இருந்தது. ஊரறிய வெளியிட்டுவிட்டால், அது புதுசு என்று யாரும் உரிமை கோர முடியாது. கூடப்பிறந்த தங்கையிடம்கூடக் காட்டாத அந்த மரபணு வரிசையை, ஓர் எழுத்து விடாமல், வந்த அதே உரிமத்தோடு அன்றைக்கே இணையத்தில் ஏற்றினாள். அழுகை வந்தது.

சில வாரம் கழித்து அம்போஃபோ போனில் கத்தினார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க! தங்கமா வித்திருக்கலாம். இப்ப எவன் வேணாலும் செய்வான்!"

"நீங்களும் செய்யுங்க சார், யாரு வேணாம்னா? எங்களைச் செய்யாதேன்னு சொல்ல மட்டும் இந்தப் பக்கம் வந்துடாதீங்க."

வயிறு எரியத்தான் செய்தது அவளுக்கு. தன் உழைப்பை அந்த ஆளும் அள்ளிக்கொள்வானே! அவனைத் திட்டிக்கொண்டேதான், மருத்துவமனைக்குப் போகவேண்டிய நொதியைத் தயாரிக்க உட்கார்ந்தாள். எவனிடமும் அனுமதி கேட்கவில்லை.