எட்டுக்குப் பிறகு ஒன்று

கோடை முடிகிற நீண்ட வாரஇறுதியில் ரொறன்ரோக்காரர் செய்கிற ஒரு காரியம், இங்கே வந்து இருபத்தைந்து வருடமாகியும் எனக்கு விளங்கவில்லை. மடக்குக் கதிரையும் ஐஸ் பெட்டியுமாக ஏரிக்கரைக்குப் போய், போர் விமானங்கள் வானத்தில் குட்டிக்கரணம் போடுவதை அண்ணாந்து பார்த்துக் கைதட்டுகிறார்கள். மோர்னிங்சைட்டில் எங்கள் மாடிக் கட்டடத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், விமானங்கள் ஒத்திகைக்கு வரும்போதே பல்கனிக்கு வந்துவிடுவார். "பியூட்டிஃபுல், இல்லையா?" என்று வருடா வருடம் என்னிடம் கேட்பார். நானும் வருடா வருடம் சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் மற்றச் சத்தம் கொஞ்சம் அடங்கும்.

நான் பாடுகிறவள். யாழ்ப்பாணத்தில் பதினொரு வயதிலேயே வர்ணம் வரை வந்துவிட்டேன். ஆனால் இங்கே மேடையில் என்னைக் காண்பவர்கள் முதலில் பேசுவது என் குரலைப் பற்றி அல்ல, கையைப் பற்றி. பாட்டுக்காரர் எல்லாரும் தொடையில் தட்டித் தாளம் போடுவார்கள். நான் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்திருப்பேன். எனக்கு மிருதங்கம் வாசிக்கிற சிவம் அண்ணைக்கு ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலையில் வேலை, நல்ல வாய்க்காரர். "பிள்ளைக்குக் கையில வாதமே? நான் இல்லாட்டி நீ எங்க போய் நிப்பாய்?" என்று பகிடி பண்ணுவார். காரணத்தை அவருக்கு மட்டுமல்ல, என் கணவருக்கும் போன வருடம் வரை நான் சொன்னதில்லை.

ஊரில் சண்டைக் காலத்தில் இராணுவ முகாமிலிருந்து ஷெல் புறப்படும்போது தூரத்தில் ஒரு குத்துச் சத்தம் கேட்கும். அது வந்து விழக் கொஞ்ச நேரம் எடுக்கும். பதுங்கியிருக்க நிலத்தில் வெட்டிய பங்கருக்குள் அந்த நேரத்தை அம்மா "முருகா, முருகா" என்று கழித்தார். நான் ஆதி தாளம் போட்டேன்: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சுமாக இரண்டு தரம். மொத்தம் எட்டு. எட்டுக்குள் விழாவிட்டால் அது எங்களைத் தாண்டிப் போகிற ஷெல். அந்தக் கணக்குப் பிழைத்ததே இல்லை. அயல் சனமும் எங்கள் பங்கருக்குள் வந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. ஒரு பின்னேரம் எட்டும் முடிந்தது. "முடிஞ்சுது அக்கா, இனிப் போகலாம்" என்றேன். என் கூடப்பிறந்த ரதி அக்கா கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்க வெளியே ஏறினாள். நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் புறப்பட்டிருக்கிறது. என் காது அதைப் பிடிக்கவில்லை. அக்கா கொடியடிக்குப் போய்ச் சேரவில்லை. அன்றைக்கு மடித்த கை அது.

கலை துன்பத்தை ஆற்றும் என்று இங்கே மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பொன்னாடையைப் போர்த்துக்கொண்டு அதைச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆற்றுவதற்கு அது என்ன தேத்தண்ணியா? எந்த இராகம் என் அக்காவைத் திருப்பித் தந்தது? ஆனாலும் பாடாமல் இருக்கவும் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முப்பது வருடத்துக்கு மேல் ஓடியது.

போன வருடம் எங்கள் ஆட்கள் ஒரு விழா வைத்தார்கள். எல்லாருக்கும் லீவு என்று அதே நீண்ட வாரஇறுதி, காற்று நல்லது என்று அதே ஏரிக்கரை. மண்டபம் கேட்டார்கள், சாப்பாடு கேட்டார்கள், மழை வருமா என்றும் கேட்டார்கள். வானத்தில் வேறு என்ன வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே போன பிறகுதான் எனக்கும் உறைத்தது. கடைசியில் மண்டபம் கிடைக்காமல் திறந்த கூடாரத்துக்குள் இருந்து பாடத் தொடங்கினேன். இரண்டாவது பாட்டு, கல்யாணி. சரணத்துக்கு வரும்போது விமானம் வந்தது. ஒன்றே ஒன்று, மிகத் தாழ. நாற்பது வயதைத் தாண்டிய சனம் முழுவதும் ஒன்றாகக் குனிந்தது. யூனியன்வில்லில் இருந்து பட்டுச்சேலையில் வந்த அன்ரி ஒருவர் கதிரைக்குக் கீழேயே போய்விட்டார். இங்கே பிறந்த பிள்ளைகள் ஃபோனைத் தூக்கி வானத்தைப் படம் பிடித்தார்கள். சிவம் அண்ணையின் கை மிருதங்கத்துக்கு மேலே அப்படியே நின்றது.

"நிப்பாட்டுவமே பிள்ளை?" என்றார்.

என் வலது கை தன்பாட்டில் தொடையில் விழுந்து எண்ணத் தொடங்கியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எட்டும் முடிந்தது. ஒன்றும் விழவில்லை. பங்கரில் எட்டு என்றால் முடிவு. அதற்குப் பிறகு என்ன என்று என் கைக்குத் தெரியாது. பாட்டிலோ எட்டு முடிவே அல்ல, அடுத்தது ஒன்று. பதினொரு வயதில் படித்த பாடம்தான். அன்றைக்குத்தான் விளங்கியது. கை மறுபடி ஒன்றுக்கு வந்தது. "இல்லை அண்ணை, வாசியுங்கோ" என்றேன்.

விட்ட சரணத்தையே பிடித்தேன். விமானம் திரும்பி வந்தது. நான் மேல் பஞ்சமத்துக்குப் போனேன். கதிரைக்குக் கீழே போன அன்ரி வெளியே வந்து, சேலைக் கொய்யகத்தைச் சரிசெய்து மறுபடி உட்கார்ந்து, தொடையில் தட்டினார். பக்கத்தில் இருந்தவர் தட்டினார். பிறகு முழு வரிசையும், பிறகு கூடாரம் முழுவதும். நாங்கள் குனிந்து குனிந்து உயிர் தப்பிய சனம், அன்றைக்கு நிமிர்ந்திருந்து ஒரே தாளம் போட்டோம். வென்றோம் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கலை எதையும் ஆற்றாது. ஆனால் எட்டோடு நின்றுவிட்டவளை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு வரும்.

இறங்கிய பிறகு சிவம் அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டே அவர், "அக்காவும் நல்லாப் பாடுவாவே?" என்று கேட்டார்.

"சீ, அவவுக்குச் சங்கீதமே பிடியாது. நான் சாதகம் பண்ணினால் காதைப் பொத்துவா."

இருவரும் சிரித்தோம், சிரித்தபடியே அழுதோம். ஒலிபெருக்கி பார்க்க வந்திருந்த கனேடியர் வயரைச் சுருட்டிக்கொண்டே கிட்ட வந்து, எல்லாரும் ஒன்றாகக் குனிந்தது, பிறகு நிமிர்ந்து தொடையில் தட்டியது, இதெல்லாம் எங்கள் சங்கீதத்தில் ஒரு வழக்கமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அது பொய்யில்லை.

இந்த வருடமும் விமானங்கள் வந்தன. பக்கத்து வீட்டுக்காரர், "பியூட்டிஃபுல், இல்லையா?" என்றார். நான் குளியலறைக்குப் போகவில்லை. அவர் அண்ணாந்து பார்த்தார். நான் பல்கனிக் கம்பியில் தட்டி எண்ணினேன். எட்டு வரும்போது அங்கே அக்கா கொடியடிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். இங்கே நான் ஒன்றுக்கு வருகிறேன்.