அம்மா வேண்டாமென்று சொன்ன பென்ஷன்

அம்மாவுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தபோது எனக்கு எட்டு வயது. கோலாலம்பூர் செந்தூலில் ரயில்வே ஆட்கள் குடியிருந்த லைனில் அதற்கு முன் ஒரு விதவை மறுபடி தாலி கட்டிக்கொண்டதை யாரும் பார்த்ததில்லை. அதைவிட, கைக்கு வந்துகொண்டிருந்த சர்க்கார் பணத்தை விட்டுவிட்டுக் கட்டிக்கொண்டதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம். அந்தக் கதையைப் பிறர் பலவிதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் கூடவே இருந்தவள்.

என்னைப் பெற்றவரை நான் பார்த்ததில்லை. மலாயாவில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தவர், முதல் உலகப்போர் என்கிற பெரிய சண்டை வந்தபோது பட்டாளத்தோடு சேர்ந்து பஸ்ராவுக்கு ரயில் பாதை போடப் போனார். அப்போது நான் வயிற்றில். போன இடத்தில் குண்டு பட்டு இறந்துபோனார். அதிலிருந்து அம்மாவுக்கு மாதாமாதம் பென்ஷன் வந்தது. மாடுகள் வைத்துப் பாலும் ஊற்றினாள். யாரிடமும் கை நீட்டாமல் என்னை வளர்த்தாள்.

மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போட வந்தவர்தான் பின்னால் எனக்கு அப்பாவானார். ஒர்க்ஷாப்பில் ரயில் பெட்டிகளுக்கு மரவேலை செய்கிற தச்சர். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. கூரை வேலை முடிந்த பிறகும் கதவு சரியில்லை, தொட்டி ஒழுகுகிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். ஒருநாள் பால் கறந்துகொண்டே, தலையைத் திருப்பாமல் அம்மா கேட்டாள்.

“தொட்டி ஒழுகலியே. எதுக்கு வர்றீங்க?”

“உங்களைக் கட்டிக்கலாமான்னு கேக்கத்தான். வாய் வர மாட்டேங்குது.”

அம்மா கறந்து முடித்துச் செம்பைத் தரையில் வைத்தாள். பிறகு, “மொதல்ல எம் மவகிட்ட கேளுங்க” என்றாள். அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்து நிஜமாகவே கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சரி என்று தலையாட்டினேன்.

செய்தி கிள்ளான்வரை போனது. அங்கே மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, இறந்தவரின் கூடப்பிறந்த தம்பி, ரயிலேறி வந்துவிட்டார்.

“அண்ணி, வேத்து ஆளைக் கட்டுனா பென்ஷன் நின்னுபோயிரும். விசாரிச்சுட்டேன். செத்தவரோட தம்பியைக் கட்டுனா மட்டும் நிக்காதாம். பட்டாளத்துச் சட்டமே அப்படித்தானாம். நான் ஒண்டிக்கட்டைதானே, யோசிச்சுப் பாருங்க.”

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டதாக நான் இன்றும் நினைக்கவில்லை. அண்ணன் உயிரைக் கொடுத்து வந்த பணம் வீணாகப் போகிறதே என்ற ஆற்றாமைதான். அம்மா காப்பியை அவர் முன்னால் வைத்தாள்.

“தம்பி, உங்க அண்ணன் கப்பலேறுன அன்னிக்கு, ‘அவனையும் ஒம் புள்ளை மாதிரி பாத்துக்க’ன்னு சொல்லிட்டுப் போனாரு. நீங்களும் இத்தனை வருசமா வாய் நெறைய அண்ணின்னு கூப்பிட்டீங்க. பென்ஷனுக்காக அந்த மொறையை மாத்தச் சொல்றீங்களா?”

சித்தப்பா காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்.

பக்கத்து வீட்டு அக்கா வேறு வழி சொன்னாள். “கோயில்ல சத்தமில்லாம மாலை மாத்திக்க. ஆபீசுக்குப் போறப்ப மட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்க. யாரு போய் சொல்லப்போறா?”

“தாலியைக் கழட்டி வெச்சுட்டு அந்தப் படி ஏறணுமாக்கா? அதுக்குக் கட்டிக்காமலே இருந்துரலாம்.”

கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே பென்ஷன் ஆபீசுக்குப் போனோம். அப்பா வாசலில் நின்றுகொள்கிறேன் என்றார். “உள்ள வாங்க. ஒளிய என்ன இருக்கு?” என்று அம்மா அவரையும் அழைத்துக்கொண்டாள்.

மேசையில் இருந்த குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர்; கிராணி என்போம். அம்மாவின் கழுத்தைப் பார்த்துத் திகைத்துவிட்டார். “எல்லாரும் மறைக்கிற விசயம். ஏனம்மா நீங்களே வந்து சொல்லுறியள்?”

“அவரு பொண்டாட்டிங்கிறதுக்காக எனக்குக் குடுத்தீங்க. இனிமே நான் இவரு பொண்டாட்டி. எம் பங்கை நிறுத்திக்குங்க ஐயா. ஆனா இவ இன்னமும் அவரு மவதான். இவளுக்கு உண்டானதை நிறுத்தக் கூடாது. அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

கிராணி எங்களை உள்ளே வெள்ளைக்காரத் துரையிடம் கூட்டிப்போனார். துரை என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

“உன்ரை தகப்பன் ஆரெண்டு துரை கேக்கிறார்” என்றார் கிராணி.

“சண்டையில செத்தாரே, அவருதான்.”

துரை அப்பாவைக் காட்டினார். அவர் யார் என்று கேட்பது எனக்கே புரிந்தது.

“இவரும்தான்” என்றேன்.

அதை எப்படிச் சொல்வதென்று கிராணி தயங்கினார். “அவ சொன்னதை அப்படியே சொல்லுங்க ஐயா” என்றாள் அம்மா. கேட்டுவிட்டு துரை சிரிக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார்.

அடுத்த மாதமே பென்ஷன் நின்றது. பல மாதம் ஒன்றும் வரவில்லை. அம்மா பிரிக்ஃபீல்ட்ஸ்வரை நடந்து போய்ப் பால் ஊற்றினாள். அப்பா வேலை முடிந்து வந்து வீட்டில் நாற்காலி, பெட்டி செய்து விற்றார். ‘அன்றைக்கே சொன்னோமே’ என்றவர்களுக்கும் அம்மா பாலை அளந்து ஊற்றிவிட்டு நடந்தாள். பிறகு மேலிடத்து உத்தரவு வந்தது. தாயின் பங்கு கிடையாது. மகளின் பங்கு மட்டும் அவள் வளரும்வரை தொடரும். கொஞ்சப் பணம்தான். அதை அம்மா அடுப்படிக்கு எடுத்ததே இல்லை. எல்லாம் என் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. “சோறு இவரு போடுறாரு. படிக்க வைக்கிறது அவரு” என்பாள். எங்கள் லைனில் படித்து டீச்சரான முதல் பெண் நான்.

சண்டையில் இறந்தவர்களுக்காக வருடந்தோறும் கோலாலம்பூரில் ஒரு கூட்டம் கூடும். விதவைகளும் பிள்ளைகளும் முன்வரிசையில் நிற்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவுக்கு அங்கே இடமில்லை என்று லைனில் பேசிக்கொண்டார்கள். கல்யாணமான வருடம் அந்தக் கூட்டத்தன்று காலை அப்பா எனக்குத் தலை சீவிவிட்டு, “நேரமாவுது, கெளம்புங்க” என்றார். அம்மா அரக்குச் சேலை கட்டி, பெரிய குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டாள். வெள்ளைச் சேலைகளுக்கு நடுவே என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக முன்வரிசைக்கு நடந்தாள்.

காவலுக்கு நின்றவர் வழி மறித்தார். “நீங்க யாரும்மா?”

“இவ அப்பாவுக்காக வந்திருக்கோம்.”

அவர் விலகி நின்றார். இறந்தவர்களுக்காகப் பட்டாளத்துக் கொம்பு ஊதினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தின் கடைசியில் அப்பா தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒருவருக்காகத் தலை குனிந்து நின்றார்.