அமெரிக்காவுக்கு ஒரு பொன்னாடை

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவனைப் பற்றி விசாரிக்கிறவர்கள், அவன் என்ன செய்கிறான் என்று கேட்பதில்லை. "எங்க இருக்கான்?" என்றுதான் கேட்பார்கள். பெங்களூர் என்றால் "நல்லது" என்பார்கள். சிங்கப்பூர் என்றால் புருவம் கொஞ்சம் ஏறும். அமெரிக்கா என்றால் "இருந்து காப்பி சாப்ட்டுட்டுப் போங்க" என்பார்கள். அங்கே அவன் என்ன வேலை பார்க்கிறான், வேலை பார்க்கிறானா என்பதெல்லாம் யாருக்கும் தேவையில்லை. "இங்கனதான் இருக்கான்" என்று பதில் வந்துவிட்டால் மட்டும், கேட்டவர் முகம் சாவு வீட்டில் துட்டி கேட்க வந்தவர் முகம்போல ஆகிவிடும். வண்ணார்பேட்டையில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த முகம் நன்றாகப் பழக்கம்.

எங்கள் பள்ளிக்கூடத்தின் முன்னாள் மாணவர் சங்கம் சாதனையாளர் பாராட்டு விழா நடத்துவதென்று முடிவெடுத்தபோது, பேனர் வேலை என்னைத் தேடி வந்தது. நானும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பது எல்லோருக்கும் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. அப்படி ஞாபகம் வந்தால் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

சங்கத் தலைவர் எங்களுக்கு மூத்த செட். பாத்திரக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி. சாதனையாளர்களைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான், என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படம் படமாகத் தொட்டுக் காட்டியதும் அவர்தான்.

"படத்துக்குக் கீழ பேரு. பேருக்குக் கீழ ஊரு. ஊரப் பெருசாப் போடும்."

"என்ன வேலைன்னு போட வேண்டாமா அண்ணாச்சி?"

"எதுக்கு வே? இடத்த அடைக்கும். ஊரப் பாத்தாலே தெரிஞ்சிரும்லா."

என்னோடு படித்தவள் ஒருத்தி பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறாள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் முதலில் அவள் கையில் விழுந்து பிறகு தாய் கைக்குப் போனார்கள் என்று அவளுக்கே தெரியாது. அவள் படத்தையும் சேர்ப்போமே என்றேன். அண்ணாச்சி மறுக்கவில்லை. யோசித்தார்.

"எங்கன இருக்கா?"

"பாளையங்கோட்டைல."

"பாளையங்கோட்டைன்னு எப்படி வே பெருசாப் போடுவீரு? விழாவே அதுக்குப் பக்கத்துலதான நடக்கு. வாரவன் சிரிக்க மாட்டானா? அடுத்த வருசம் பாப்போம்."

அடுத்த வருடத்துக்குள் அவள் மஸ்கட்டுக்குப் போய்விட்டால் சாதனையாளர் ஆகிவிடலாம் என்று புரிந்துகொண்டேன். அவளிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். எனக்குத்தான் எரிச்சல் அடங்கவில்லை.

பேனரின் நடுவில், எல்லோரையும்விடப் பெரிதாக வரவேண்டிய படம், பத்தாம் வகுப்புவரை என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுடையது. கோட்டும் டையுமாக, பின்னால் ஏதோ கண்ணாடிக் கட்டடம் தெரிய நின்றிருந்தான். கீழே 'டெக்ஸாஸ்' என்று சிவப்பில் அடித்தேன். அடிக்கும்போது விரல் கூசியது. ஏனென்றால் அந்த நேரத்தில் டெக்ஸாஸ் என் கடைக்குப் பின் தெருவிலுள்ள லாட்ஜில், ஜன்னல் கம்பியில் பனியனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தது.

கம்பெனியில் ஆள்குறைப்பு. வேலை போன பிறகு அங்கே தங்க அனுமதி இல்லை, திரும்பிவிட்டான். மனைவியும் மகளும் மகளின் படிப்புக்காக முன்பே சென்னைக்கு வந்து மாமனார் வீட்டில் இருந்தார்கள். அங்கே போய்ச் சில வாரம் இருந்து பார்த்தான். காலைக் காப்பியோடு மாமனார் "அடுத்து என்ன ப்ளான் மாப்ளே?" என்று கேட்பாராம். மரியாதையாகத்தான் கேட்பாராம். அந்த மரியாதை தாங்காமல் பஸ் ஏறி இங்கே வந்து அறை எடுத்துக்கொண்டான். நாள் முழுக்க லேப்டாப்பில் வேலை தேடுவான், இருட்டிய பிறகு என் கடையில் வந்து உட்காருவான்.

அவன் அம்மா சேரன்மகாதேவியில் தனியாக இருக்கிறார். லாட்ஜ் வாசலிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அவன் போகவில்லை.

"தெருவுல எங்க அம்மைக்குப் பேரே அமெரிக்காக்காரன் அம்மைதான் லே," என்றான். "கோயில் கொடைக்கு மொதல்ல அவள்ட்டதான் வாரான். பேங்குல நாற்காலி போடுதான். அந்தப் பேரு போயிட்டா அவ எப்படித் தெருவுல நடப்பா? வேல ஒண்ணு கெடைக்கட்டும், நானே சொல்லிருதேன்."

வேலை கிடைக்கவில்லை. மாதங்கள் போயின. தினமும் காலையில் ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் கைலியைத் தொங்கவிட்டு, லைட்டைப் போட்டு, அம்மாவோடு வீடியோவில் பேசுவான். இங்கே காலை என்றால் அங்கே முந்தின ராத்திரி. மடியில் இட்லிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, "இப்பதாம்மா, ராத்திரிச் சாப்பாடு" என்பான். ஒருநாள் நானும் அறையில் இருந்தேன். கீழே நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் "ஜங்ஷன், டவுன்! ஜங்ஷன், டவுன்!" என்று கத்தியது அறைக்குள் கேட்டது.

"அங்கயும் ஜங்ஷன் பஸ் போவுதாய்யா?" என்று கேட்டார் அம்மா.

"டிவிம்மா. இங்க நம்ம ஊர்ச் சேனல்லாம் வருது."

"நல்லாருக்கட்டும்," என்றார் அம்மா.

பாராட்டு விழா அழைப்பு அவன் போனுக்கும் வந்தது. வேலைப் பளு காரணமாக வர இயலவில்லை என்று பதில் போட்டான். இல்லாத வேலையின் பளு. அத்தோடு முடிந்தது என்று இருவரும் நினைத்தோம். ஆனால் எங்கள் ஊரில் சாதனையாளர் வராததால் பாராட்டு நின்றுவிடுவதில்லை. பெற்றவர்கள் இருப்பார்கள்.

"அவன் வரலேன்னா என்ன வே, அம்மை இருக்காகள்லா," என்றார் அண்ணாச்சி. "மேடையேத்திப் பொன்னாடையப் போத்திருவோம். போட்டோவுக்கும் அதான் நல்லாருக்கும்."

ராத்திரி கடைக்கு வந்தவனிடம் இதைச் சொன்னேன். உண்மை தெரியவந்தால் தெருவோடு போகிற அவமானம் ஒன்று. ஊரையே கூட்டி மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்திய பிறகு தெரியவந்தால் அந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதுவும் அவனுக்கல்ல, அவன் அம்மாவுக்கு. "எப்படியாவது என் படத்த எடுத்துரு லே" என்று கெஞ்சினான். அண்ணாச்சியிடம் போய், டெக்ஸாஸுக்குப் பதிலாக வேறு யாரையாவது போடலாமே என்று பைய ஆரம்பித்தேன்.

"வேற டெக்ஸாஸ் கெடையாது வே," என்று முடித்துவிட்டார்.

விழா நாளன்று காலையிலேயே பள்ளிக்கூட மைதானத்தில் சவுக்குக் கம்பு நட்டு, மேடைக்குப் பின்னால் பேனரைக் கட்டிவிட்டேன். காற்றுக்குக் கிழியாமலிருக்க அங்கங்கே பிறை வடிவில் கீறிவிடுவது வழக்கம், கீறிவிட்டேன். சாயங்காலம் கூட்டம் சேர்ந்த பிறகு லைட் வயரைச் சரிபார்க்கப் பின்பக்கம் போனால், கம்புகளுக்கு நடுவே அவன் நிற்கிறான். துண்டால் தலையைப் போர்த்தியிருந்தான். தன் படத்துக்கு நேர் பின்னால் நின்று, ஒரு கீறலில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க அம்மைக்குப் பொன்னாட போத்துதத நான் பாக்க வேண்டாமா?" என்றான்.

அவன் அம்மா அரக்குப் பட்டில் வந்திருந்தார். பஸ்ஸில் வந்த கசங்கல் தெரிந்தது. கடல் கடந்தும் தாய்மண்ணை மறவாத தங்க மகன் என்றெல்லாம் தொகுப்பாளர் முழங்கினார். அண்ணாச்சி பொன்னாடையைப் போர்த்தி, போட்டோகிராபர் சொல்லும்வரை அதைப் பிடித்தபடியே நின்றார். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள்.

"எம் பையன் நல்லாருக்கான். எல்லாப் பிள்ளேளும் நல்லாருக்கட்டும்," என்றார் அம்மா. விழாவில் பேசப்பட்டவற்றில் மிகச் சிறிய உரை அதுதான். கைதட்டலும் அதற்குத்தான் அதிகம், ஏனென்றால் எல்லோருக்கும் பசி.

மேடையைவிட்டு இறங்காமல் திரும்பி பேனருக்குப் பக்கத்தில் போனார். மகனின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார். ஃப்ளெக்ஸ் பின்பக்கமாகக் குழிந்தது. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைக்கும் இவன் மூக்குக்கும் நடுவில் நான் அச்சடித்த ஒரு ஷீட் மட்டும்தான் இருந்தது. இவன் பின்வாங்கினான். பின்வாங்கியபோது கம்பில் இடித்துக்கொண்டு சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது, கூடவே அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது.

கூட்டம் கலைந்தபின் அவன் அம்மா என்னைத் தேடி வந்தார். பொன்னாடையை மடித்து ஒரு பையில் வைத்திருந்தார். கூடவே கூழ்வத்தல் பாக்கெட் ஒன்று.

"ஏய்யா, இத அவனுக்குப் பார்சல் போட்டுருவியா? எனக்கு அந்த அட்ரஸ்லாம் எழுத வராது. பாராட்டு அவனுக்குத்தான, நான் வச்சு என்ன செய்ய?"

சரி அம்மா என்றேன். வேறென்ன சொல்ல? அவரை பஸ் ஏற்றிவிடச் சொல்லி ஒருவரோடு அனுப்பிவைத்துவிட்டு, பின்னால் போய்ப் பையை அவன்மேல் எறிந்தேன்.

"பிடி, அமெரிக்காப் பார்சல். கேட்டுக்கிட்டியா அம்ம சொன்னத? பஸ் இன்னும் வரல. ஓடுனா பிடிச்சிரலாம். போய்க் கால்ல விழு லே."

அவன் பொன்னாடையை விரித்துப் பார்த்தான். நைலானில் சரிகை மாதிரி எதையோ ஒட்டிய துணி. மறுபடியும் மடித்தான்.

"பார்சல் போய்ச் சேர எத்தன நாளாகும்?"

"பத்து நாள் ஆகும். ஏன்?"

"அதுக்கு முன்ன போத்திக்கிட்டுப் பேசுனா சந்தேகம் வந்துரும்லா."

எனக்கு வந்த கோபத்தில் அன்று அவனோடு பேசாமல் டெம்போவில் ஏறிவிட்டேன். பேனரைக் கழற்றவும் இல்லை. காற்றே கிழித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழிந்தது. சித்திரை வெயில், காலை ஏழு மணிக்கே சுவர் சுட்டது. அவன் ஜன்னலைச் சாத்தி, கைலியைத் தொங்கவிட்டு, துணி பறக்காமலிருக்க ஃபேனையும் நிறுத்திவிட்டு, பொன்னாடையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு அம்மாவோடு பேசியிருக்கிறான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் வந்தது அவன் அம்மாவின் போன். நான் அப்போதுதான் கடையைத் திறந்திருந்தேன்.

"பார்சல் போய்ச் சேந்துட்டுய்யா. போத்திக்கிட்டுத்தான் பேசுனான்."

"அப்படியாம்மா? சந்தோசம்."

"அங்க ஒரே குளிராம்."

"ஆமாம்மா, அந்தப் பக்கம்லாம் அப்படித்தான்."

"பிள்ளைக்கு நெத்தியில இருந்து வேர்வ சொட்டிக்கிட்டே இருந்திச்சு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அழுகிறாரோ என்று பயந்தேன். அழவில்லை. குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

"தோசைக்கு அரைக்கப் போறேன். சாயங்காலம் வா. ஒத்தையில வராண்டாம், அவனயும் கூட்டிட்டு வா. அந்தக் கூழ்வத்தலையும் கையோட எடுத்துட்டு வரச் சொல்லு, நான் பொரிச்சுத் தாரேன். ஜங்ஷன் பஸ்ஸு போற லாட்ஜுல எண்ணெச்சட்டிக்கு எங்க போவான்?"