கதவருகே ஒரு மஞ்சள் கை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் சுவருக்கு வெள்ளை அடிக்கிற மட்டைதான். எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். வாசிக்கிறவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பங்குச் சுவாமியார் பெற்றோருக்காக ஒரு சிறு புத்தகம் அச்சிடப் போகிறாராம். மழைநாளில் வீட்டுக்குள் அடைபட்ட சின்னப் பிள்ளைகளுக்குச் சாயம் கலந்து கொடுத்துப் படம் போட வைப்பது பற்றி என் மனைவிக்குத் தெரிந்ததை அதில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். அவளுக்கு எழுதத் தெரியாது. அதனால் அது என் தலையில் விழுந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன் நான், தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். கூச்சம் மட்டும் காரணமில்லை. எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் கண்முன் வருவது ஒரு சிரட்டை. அதைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை.

பாதித் தேங்காய்ச் சிரட்டை அது. உட்புறம் மஞ்சள் ஊறி, எத்தனை கழுவினாலும் போகாத நிறமாகிவிட்டது. என் மனைவி கலியாணத்துக்கு முன் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு துரை பங்களாவில் பிள்ளை பார்க்கிற ஆயாவாக இருந்தவள். அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சீமையிலிருந்து சாயப்பெட்டி வரும். எங்கள் மகளுக்கு நாலு வயது நடக்கும்போது, விடாத மழையில் அவள் வெளியே போகவேண்டும் என்று அழ, என் மனைவி அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "துரை வீட்டுப் புள்ளைக்குப் பெட்டியில இருக்கு. நம்ம புள்ளைக்கு அடுப்படியில இருக்கு."

அன்றிலிருந்து எங்கள் ஒற்றை அறை வேறு மாதிரியாகிவிட்டது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்தால் மஞ்சள். செங்கல்லை உரசிக் கஞ்சித் தண்ணீர் விட்டால் காவி. அடுப்புக்கரி கறுப்பு, துணிக்குப் போடுகிற நீலம் நீலம், குடித்து மிஞ்சிய வெறுந்தேயிலைச் சாயத்தண்ணீர் மண்ணிறம். கொய்யாக் குச்சியின் நுனியை மென்று நாராக்கினால் அதுவே தூரிகை. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தொட்டுப் பதித்தால் பூப்பூவாய் விழும். மரவள்ளி இலையின் அடிப்புறத்தில் சாயம் தடவி அமுக்கினால் நரம்பு நரம்பாகப் பதியும். காகிதத்துக்கு எங்கே போவது? சீனி சுற்றி வந்த தாளும் தேயிலைப் பெட்டிப் பலகையும்தான். எல்லாவற்றிலும் மகளுக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மஞ்சளில் ஒரு முகம் வரைந்து காயவிட்டு, என் சுண்ணாம்பு வாளியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அதன்மேல் தடவுவாள் என் மனைவி. மஞ்சள் முகம் அப்படியே சிவந்துவிடும். மகள் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பது போலக் கைதட்டி, "முழிச்சிக்கிட்டா, முழிச்சிக்கிட்டா" என்பாள். வரைந்த முகம் தூங்குகிறது, சிவந்தால் எழும்பிவிடுகிறது என்பது அவள் கணக்கு.

ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது கதவுக்குப் பக்கத்துச் சுவரில், என் இடுப்பளவுக்கும் கீழே, ஐந்து விரலும் விரிந்த ஒரு மஞ்சள் கை இருந்தது. அந்தச் சுவரில் சுண்ணாம்பு பூசி வருடக் கணக்காகிக் காரம் செத்துப் போயிருந்ததால் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. பக்கத்து அறைக்காரி வாசலில் நின்று, "ஊருக்கெல்லாம் வெள்ள அடிக்கிறாரு, அவரு வீட்டுச் செவத்தப் பாருங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சிரித்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அழிக்கத் துணியை நனைத்தேன். மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"அழிக்காதீங்கப்பா. நீங்க வேலைக்குப் போனா இதுதான் கதவப் பாத்துக்கும்."

நான் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டேன்.

பிறகு மலேரியாக் காய்ச்சல் வந்த வருடம் வந்தது. அதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்டிப் பக்கத்தில் அதற்குத் தப்பிய தெரு குறைவு. எங்கள் வரிசையில் முதலில் காய்ச்சலில் விழுந்தது பக்கத்து அறைக்காரியின் புருஷன், அவர் எழும்பிவிட்டார். அடுத்து விழுந்தது எங்கள் மகள். கசப்பு மருந்தை வாயில் வைத்தால் துப்பிவிடுவாள். நடுக்கம் வரும்போது வீட்டிலிருந்த சாக்கையெல்லாம் போட்டு மூடினோம். மகன் அப்போது பால் குடிக்கிற பிள்ளை. அவனைத் தூரத்தில் கிடத்திவிட்டு என் மனைவி இவளோடேயே படுத்துக்கிடந்தாள். ஒரு விடியற்காலையில் நடுக்கம் நின்றது. குணமாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சேமக்காலையில் அந்த நாட்களில் குழி வெட்டுகிறவர்களுக்கு ஓய்வில்லை. மகளை ஒரு ஓரத்தில் வைத்து மரச்சிலுவை ஒன்றை நட்டுவிட்டு வந்தோம். அந்த வருட மழையில் சரிவு மண் இறங்கிச் சிலுவையும் போய்விட்டது. பிறகு போய்த் தேடியபோது அந்த இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். படம் பிடித்து வைக்கிற வசதியெல்லாம் எங்களுக்கு ஏது? அவள் இந்த உலகத்தில் இருந்தாள் என்பதற்கு மிச்சம் அந்தச் சுவரில் இருந்த கை மட்டும்தான்.

அடக்கம் முடிந்த சில நாட்களில் சுகாதாரப் பகுதியார் வந்து, காய்ச்சல் கண்ட அறை எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அறைகளுக்குச் சொந்தக்காரர் மடவளை ஊர் முதலாளி, எங்களையெல்லாம் மகன் என்று கூப்பிடுகிற நல்ல மனிதர். எங்கள் வாசலில் வந்து நின்றவர் உள்ளே பார்க்கவே தயங்கினார். "மகன், ஒங்கட மனசு எனக்கு வெளங்குது. நான் வேற ஆளப் புடிச்சு அடிப்பிக்கிறன், நீங்க அண்டைக்கு வெளிய போய் இரிங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"வேற ஆளு கை அது மேல படவேணாம். இவரே அடிப்பாரு."

சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, துணியில் வடித்து, உப்பும் கஞ்சியும் சேர்த்துக் கலக்கினேன். மற்றச் சுவர்களை முடித்துவிட்டுக் கடைசியாகக் கதவுப் பக்கம் வந்தேன். தென்னை மட்டையை வாளியில் தோய்த்து, கண்ணை இறுக்கிக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு இழுத்தேன். கண்ணைத் திறந்தபோது கை அங்கேயே இருந்தது. மஞ்சள் கரையவில்லை. ஈரச் சுண்ணாம்புக்குள் என் கண்முன்னாலேயே விரல் விரலாகச் சிவந்துகொண்டிருந்தது. ஆலாத்தித் தட்டில் காலமெல்லாம் பார்த்த நிறம். எங்கள் மகளுக்கே நாங்கள் காட்டிக் கொடுத்த விளையாட்டு. நாள் முழுக்கச் சுண்ணாம்பில் கை வைக்கிற எனக்கும், மஞ்சள் அரைக்கிற அவளுக்கும் அது நினைவுக்கு வராமல் போனது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மட்டை என் கையிலிருந்து விழுந்தது. என் மனைவி பின்னால் வந்து நின்றாள். அழவில்லை. மிக மெதுவாக, தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவது போல, "முழிச்சிக்கிட்டா" என்றாள்.

மேலே இன்னும் இரண்டு பூச்சு பூசியும் அது இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பார்க்க வந்த அதிகாரி வெற்றிலை துப்பிய கறை என்று நினைத்து என்னைத் திட்டத் தொடங்கினார். முதலாளிதான் அவர் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப் போய் என்னவோ சொன்னார். அதிகாரி திரும்பி உள்ளே வரவில்லை.

நாள் போகப் போகச் சுண்ணாம்பு காய்ந்து காரம் இறங்க, அந்தச் சிவப்பும் மங்கி மறைந்தது. கார்த்திகை, அதாவது நவம்பர், பிறந்தது. இரண்டாம் திகதி, செத்தவர்களுக்காக மன்றாடுகிற ஆத்துமாக்கள் நாளுக்கு எல்லோரும் சேமக்காலைக்குப் போய்த் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளை அடிப்பார்கள். அந்தக் கிழமையில் எனக்கு வேலை அதிகம். பிறர் கல்லறைகளை நான்தான் அடித்துக் கொடுப்பேன். அன்று நான் வீடு திரும்பியபோது கதவுப் பக்கத்துச் சாமான்களை ஒதுக்கி வைத்துவிட்டு என் மனைவி காத்திருந்தாள். வாளியில் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். நான் அடித்தேன். கை வந்தது, முன்னையதைவிட வெளிறி. அவள் மெழுகுதிரி ஒன்றை அதன் முன் ஏற்றி வைத்தாள். அடுத்த வருடம் உள்ளங்கை இல்லை, விரல்கள் மட்டும். அதற்கடுத்த வருடம் பெருவிரலின் நுனி போல ஒரு புள்ளி. பக்கத்து அறைக்காரி தன் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்குள் விடுவதை நிறுத்திவிட்டாள். செத்த பிள்ளையைச் சுவருக்குள் வைத்திருக்கிறோம் என்று கிணற்றடியில் பேச்சு. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆளில்லாத நேரம் அந்தக் கதவைத் திறக்கும்போது எனக்கும் யாரோ பார்த்துக்கொண்டு நிற்பது போலவே இருக்கும்.

மகன் வளர்ந்தான். அவனுக்கு ஒருநாளும் என் மனைவி சாயம் கலந்து கொடுத்ததில்லை. சிரட்டை அலுமாரியின் மேல் கவிழ்ந்தே கிடந்தது. அவன் அதைக் கேட்டால், "அக்காவோடது" என்பாள். அதோடு பேச்சு முடியும்.

இன்று மறுபடி ஆத்துமாக்கள் நாள். மத்தியானம் சேமக்காலை வேலை முடிந்து வந்து சுவரை அடித்தேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் வரவில்லை. "இன்னொருக்கா அடிங்க" என்றாள். அடித்தேன். வெறும் வெள்ளை. ஈரம் இழுக்கும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லாமல் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளையை இரண்டாம் தரம் அடக்கம் செய்தது போல இருந்தது.

பிறகு அவள் போய்ச் சிரட்டையை எடுத்துத் தூசி துடைத்தாள். மஞ்சளைக் குழைத்தாள். மகனுக்கு இப்போது அவன் அக்கா போன வயது. கையும் அதே அளவு. அவன் உள்ளங்கையில் மஞ்சளைப் பூசி, மணிக்கட்டைப் பிடித்து, கை இருந்த அதே இடத்துக்குக் கொண்டுபோனாள். அவள் என்ன செய்யப் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. தடுத்தது மகன்தான். கையை இழுத்துக்கொண்டான்.

"அது அக்கா எடம்மா. நா கீழ வைக்கிறேன்."

அவன் குந்தி, ஒரு சாண் கீழே கையைப் பதித்தான். ஈரச் சுண்ணாம்பில் அது உடனே சிவந்தது. அவன் பயந்து தாயைப் பார்த்தான். "ஒண்ணுமில்லடா, முழிச்சிக்கிச்சு" என்று சொல்லி அவள் அவனை அணைத்துக்கொண்டாள். அன்று அழாதவள் இப்போது அழுதாள்.

சுவாமியார் கேட்ட விளையாட்டு இவ்வளவுதான். மஞ்சள், சுண்ணாம்பு, ஒரு பிள்ளையின் கை. சுண்ணாம்பு பிள்ளையின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆத்துமாக்களுக்கான மாலை மணி அடிக்கிறது. சிரட்டை என் பக்கத்தில் நிமிர்ந்து இருக்கிறது, அடியில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீரோடு. கதவுப் பக்கம் ஒரு சிவந்த கை, அதற்கு மேலே ஒரு கை அளவுக்கு வெள்ளை. அந்த வெள்ளையில் இனி யாரும் கை வைக்கக் கூடாது என்று மகன் சொல்லிவிட்டான்.

1938 கார்த்திகை மாதம் இரண்டாம் திகதி, கண்டி.