புடலங்கொடியும் மொண்ணை அருவாளும்

"ஏன்டி, பேங்க் வேலைக்குப் போறவளுக்கு இந்தக் கதை எதுக்கு? தொட்டிக்குத் தண்ணிய ஊத்தமாட்டாம, கெழவி எதுக்குச் சிரிச்சான்னு கேட்டுக்கிட்டு!" என்று பேத்தியை வைதேன். மொட்டை மாடியில் வெயில் தாங்கவில்லை என்று தொட்டிகளில் புடலை விதை போட்டுக்கொண்டிருந்தாள் அவள். அதைப் பார்த்துத்தான் சிரித்துவிட்டேன். அவள் விடுகிற மாதிரி தெரியவில்லை. சொல்லித் தொலைத்தேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. வில்லாபுரத்தில் மேற்குப் பார்த்த வாடகை வீடு. மத்தியானம் ஆனால் வெயில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கைக்குழந்தையான என் தம்பிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அவன் அழுதே பொழுதை ஓட்டினான். அம்மா கண் அசந்து நாளாயிற்று. வாசலில் பந்தல் போடலாம் என்றால் வீட்டுக்கார அம்மா விடவில்லை. தரையில் குழி தோண்டக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அவர் சட்டம்.

அம்மா இரண்டையும் செய்யவில்லை. ஆறு எண்ணெய் டின்களில் மண்ணை நிரப்பி, புடலை விதையை ஊன்றி, கூரை விளிம்பிலிருந்து சணல் கயிறு இறக்கிவிட்டாள். இரண்டு மாதத்துக்குள் வாசல் முழுக்கப் பச்சைத் திரை. தம்பி முதன்முறையாக மத்தியானத்தில் தூங்கினான். அவன் தூங்கியதால் அம்மா தூங்கினாள். அம்மா தூங்கியதால் நான் வெல்லப்பானையைத் திறந்தேன்.

அந்த வாரமே வீட்டுக்கார அம்மா வந்து நின்றார். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்காக வாங்கிய மாவடுக் கூடை இடுப்பில் இருந்தது.

"என்னத்தா இது, காடு வளத்து வச்சிருக்க? ஒண்ணொண்ணும் பாம்பாட்டம் தொங்குது. நெசப் பாம்பு வந்து தொங்குனா ஒனக்கு அடையாளம் தெரியுமா? இப்பவே அறுத்துப் போடு."

"சரிக்கா," என்ற அம்மா என்னைப் பார்த்து, "அருவாள எடுத்துட்டு வாடி" என்றாள்.

வீட்டில் இரண்டு அருவாள் இருந்தன. நிழல் போனால் தூக்கம் போகும், தூக்கம் போனால் வெல்லம் போகும். துருப்பிடித்த மொண்ணை அருவாளை எடுத்துவந்தேன். அம்மா அதை வாங்கி, மரியாதையாக அவரிடமே நீட்டினாள்.

"நான் பச்சப்பிள்ளக்காரி. பூவும் பிஞ்சுமா நிக்கிற கொடியில கத்தி வைக்க மாட்டேன்க்கா. ஒங்க கையாலயே அறுத்துருங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மகளுக்கு இது எத்தனாவது மாசம்க்கா?" என்றாள்.

வீட்டுக்கார அம்மா அருவாளைப் பார்த்தார். பிஞ்சுகளைப் பார்த்தார். கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார்.

என் மொண்ணை அருவாள்தான் கொடியைக் காப்பாற்றியது என்று எனக்கு ஏகப் பெருமை. அன்றைக்கு ஒரு கட்டி வெல்லம் கூடுதலாகப் படியளந்துகொண்டேன். பின்னால், உன் அப்பன் என் வயிற்றில் இருந்தபோது, வேலியில் காய்த்துக் கிடந்த பாகற்கொடியை வெட்டப் போனேன். "வயித்துப் பிள்ளக்காரி காய்க்கிற கொடியில கத்தி வைக்கலாமா?" என்று மாமியார் அலறிக்கொண்டு ஓடிவந்து அருவாளைப் பிடுங்கினாள். அது நல்ல கூரான அருவாள்.

இன்னொன்றும் அப்போது எனக்கு விளங்கவில்லை. சாயங்காலம் அக்கம்பக்கத்தார், "அந்தம்மா எதுக்கு வந்துச்சு, சண்டையா?" என்று வந்து மொய்த்தார்கள். அவர்களிடம் எது சொன்னாலும் ராத்திரிக்குள் வீட்டுக்கார அம்மா காதுக்குப் போய்விடும். திட்ட வந்தவரைப் பற்றி அம்மா எதற்காக இப்படி ஒரு பச்சைப் பொய்யைச் சொன்னாள்?

"சண்டையா? ச்சே! மக படுக்குற ரூமுல வெக்கை தாங்கலையாம். அவுகளுக்கும் ரெண்டு டின்னுல வெத போட்டுத் தரச் சொல்லிட்டுப் போறாக."