சாவி வருமுன் காலி செய்யப் பார்த்தேன்

வேடசந்தூரில் முதன்முதலாக வீடு வாங்க அட்வான்ஸ் கொடுத்தோம். ஆனியிலேயே பத்திரம் முடிந்து சாவி கைக்கு வந்துவிடும் என்று நம்பி, வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரம்மாவும் வேறு ஆள் பிடித்துவிட்டார்.

அது அப்பா வழி வந்த வீடு, விற்பவரின் தங்கையும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் லோனுக்காகப் பத்திரம் பார்த்த பேங்க் வக்கீல். அந்தம்மா வெளியூரிலிருந்து வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில பத்திரம் போட மாட்டேன்ம்மா" என்றுவிட்டார் விற்பவர்.

பிள்ளைகளோடு எங்கே போவது? வீட்டுக்காரம்மாவிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"இதுக்கா இம்புட்டு பயம்? புதுசா வர்றவுகளும் ஆடியில குடி வர மாட்டோம்னுட்டாக. ஆவணி வரைக்கும் இங்கனயே இரு."

ஆவணியில் பத்திரம் முடிந்து புது வீட்டில் பால் காய்ச்சினோம். முதல் டம்ளர் வீட்டுக்காரம்மாவுக்குத்தான்.

இப்போது என் தங்கை வீடு வாங்குகிறாள். "காலி பண்றோம்னு எப்பக்கா சொல்லட்டும்?" என்றாள்.

"சாவி உன் இடுப்புல ஏறட்டும்டி. அப்புறமா வாயத் தொற."