வாப்பாவின் பாங்கும் அன்டிவைரஸும்

பாடசாலை விட்டு வீட்டுக்கு வந்ததும் நான் செய்துவந்த முதல் வேலை தேத்தண்ணீர் போடுவது அல்ல. முன்னறையில் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, என் வாப்பாவின் குரலை அன்டிவைரஸின் பிடியிலிருந்து விடுவிப்பது. இரண்டு வருடத்துக்கு மேலாக இப்படித்தான் நடந்தது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் ஆரம்பத்தில் வந்தது.

எங்கள் வீடு மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில், பெரிய வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் இருக்கிறது. உம்மா மௌத்தான பிறகு வீட்டில் வாப்பாவும் நானும் மட்டும்தான். நானா, அதாவது என் மூத்த சகோதரன், கட்டாரில். எனக்குக் கல்யாணம் சரிவரவில்லை. அதை நினைத்துக் கவலைப்பட இப்போது நேரமும் இல்லை. வாப்பா மிளகும் கராம்பும் வாங்கி விற்றவர். ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது வியாபாரத்தால் அல்ல, தொழுகைக்கு அழைக்கும் பாங்கால். பள்ளிவாசலில் சம்பளத்துக்கு ஒரு மோதினார் இருந்தாலும், விடியற்காலை சுபஹ் தொழுகைக்கு மட்டும் வாப்பாதான் பாங்கு சொல்வார். யாரும் அவரைக் கேட்டுக்கொண்டதில்லை, அவரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒலிபெருக்கி கெட்டுப்போன நாட்களில்கூடத் தன் குரல் அலுவிகாரை முழுக்கக் கேட்டது என்று பீற்றிக்கொள்வார். பக்கத்து வீட்டுக்கே கேட்கவில்லை என்று உம்மா சொல்வார்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. கண்டியில் ஒப்பரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது அவருக்குக் கழுத்தில் ஒரு துவாரம். மூச்சு அதன் வழியாகத்தான். உயிர் தப்பியதே பெரிய காரியம். குரல் முழுதாகப் போய்விட்டது, முணுமுணுப்புக்கூட இல்லை. உதட்டை அசைத்துப் பேசுவார், நான் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். நான் பார்க்காவிட்டால் கை தட்டுவார். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது தட்டினால், கையைக் கழுவிக்கொண்டு வந்து முகத்துக்கு எதிரே நின்று கேட்க வேண்டும். பெரும்பாலும் மின்விசிறியைக் குறைக்கச் சொல்வதற்காக இருக்கும்.

நானா மாத்தளை டவுனில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போன காலத்தில், பழகிப் பார்ப்பதற்காக ஒரு சின்ன மென்பொருள் எழுதியிருந்தார். அந்தந்தத் தொழுகை நேரத்துக்கு அது தானாகப் பாங்கு சொல்லும். அதற்குள் போட்டிருந்தது வாப்பாவின் குரல். ஒரு நாள் பள்ளிவாசலில் வைத்து போனில் பதிவு செய்தது. அந்த போன் எப்போதோ தொலைந்துவிட்டது. வேறு பதிவு எதுவும் எங்களிடம் இல்லை. கல்யாண வீடியோக்களில்கூட வாப்பா வாயில் வெற்றிலையோடு தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆக, உலகத்தில் வாப்பாவின் குரல் மிஞ்சியிருந்தது அந்த மென்பொருளின் வயிற்றுக்குள் மட்டும்தான். ஒப்பரேஷனுக்குப் பிறகு லீவில் வந்த நானா அதைத் தேடியெடுத்து, கம்பியூட்டரைப் போட்டதும் தானாக ஓடும்படி செய்துவிட்டுப் போனார்.

"வாப்பாட சத்தம் ஊட்டுல கேட்டுக்கிட்டே இருக்கணும் தங்கச்சி. கம்பியூட்டர மட்டும் நிப்பாட்டிராத" என்றார்.

சொல்வது எளிது. அந்தக் கம்பியூட்டர் வாங்கிய காலத்தில் புதிதாக இருந்தது, அவ்வளவுதான் அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல முடியும். பெட்டியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் சூடேறி அணைந்துவிடும். உள்ளே இருக்கிற சின்ன பெட்டரி செத்துப்போனதால், கரண்ட் போய் வந்தால் அதற்கு நாளும் தெரியாது, நேரமும் தெரியாது, இணையத்தைப் பார்த்துத்தான் திருத்திக்கொள்ளும். ஒரு நோன்பில் இதனால் பெரிய கூத்து நடந்தது. மழைக்கு வீட்டில் கரண்ட் போய் வந்தது, இணையம் இல்லை, ஊர்ப் பள்ளியில் கரண்ட் இன்னும் வரவில்லை. முன்னறையில் வாப்பாவின் குரலில் அந்திநேர மஹ்ரிப் பாங்கு கேட்டது. நான் பேரீச்சம்பழத்தை வாய்க்குக் கொண்டுபோனேன். வாப்பா படபடவென்று கை தட்டி, சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அசடு வழிய, மணிக்கூட்டைப் பார்த்தபடி காத்திருந்தேன்.

இத்தனை கோளாறோடும் அதில்தான் பாடசாலை வினாத்தாள்களை அடிக்கிறேன். உக்குவளையில் படிப்பிக்கிறேன். எங்கள் பாடசாலையில் ஒரு பென் டிரைவ் பத்து ஆசிரியர்களின் கைப்பைகளைச் சுற்றிவிட்டுத்தான் என்னிடம் வரும். அதில் வினாத்தாளைவிட வைரஸ்தான் அதிகம். ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் மறைத்துவிட்டு வெறும் குறுக்குவழிச் சின்னங்களை மட்டும் விட்டுவைத்தது. அதன் பிறகுதான் நானா கட்டாரில் இருந்தபடியே இலவச அன்டிவைரஸ் ஒன்றைப் போட்டுத் தந்தார்.

அது வந்த நாளிலிருந்து எனக்கு இரண்டு நோயாளிகள். வைரஸைப் பிடித்ததோ இல்லையோ, கம்பியூட்டரை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒரு சொல்லை அடித்தால் அது திரையில் வருவதற்குள் கொட்டாவி விட்டு முடிக்கலாம். காசு கட்டி நல்ல பதிப்பை வாங்கு என்று தினமும் ஒரு நச்சரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, நானாவின் பாங்கு மென்பொருளை அதற்குக் கண்ணிலும் காட்டக் கூடாது. யார் எழுதியதென்று தெரியாத ஒன்று, கேட்காமலே ஓடுகிறது, வேளா வேளைக்குக் கத்துகிறது. அதன் பார்வையில் இதைவிடச் சந்தேகமானது வேறென்ன இருக்க முடியும்? திரையின் மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழும். இங்கிலீஷில் மூன்று பொத்தான்கள் இருக்கும்: தனிமைப்படுத்து, அழி, விட்டுவிடு. நான் வீட்டில் இருந்தால் விட்டுவிடு என்பதை அழுத்துவேன். காலையில் நான் பஸ் ஏறிய பிறகு கேட்டால் யார் பதில் சொல்வது? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதுவே பிடித்துத் தனிமையில் போட்டுவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் வந்து மீட்டெடுப்பேன். நிச்சயமாகவா என்று கேட்கும். ஆபத்து என்று எச்சரிக்கும். மறுபடியும் நிச்சயமாகவா என்று கேட்கும். என் வாப்பா ஆபத்தானவர் அல்ல என்று ஒரு இயந்திரத்திடம் நாள்தோறும் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்தால் அங்கேயும் மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். டவுனில் கம்பியூட்டர் திருத்துகிறவரிடம் கேட்டேன்.

"மிஸ், அன்டிவைரஸ கழட்டி வீசுங்க. இல்லாட்டி அந்த புரோகிராம கழட்டி வீசுங்க. ரெண்டையும் ஒண்ணா வெச்சிக்கிட்டு இந்த மெஷினால இழுக்க ஏலா" என்றார் அவர்.

இரண்டையும் வீச முடியாது. ஒன்று போனால் என் வேலை போகும், மற்றது போனால் வாப்பா போவார். தனிமையில் கிடப்பதை ஒரு மாதம் கவனிக்காவிட்டால் தானாகவே அழித்துவிடும் என்று வேறு திரையில் எழுதியிருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து, காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்துபோய்ப் பார்ப்பேன். துவாரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், சோற்றைக் குழைத்துக் கொடுக்க வேண்டும், மருந்து, வினாத்தாள், உடுப்பு, இதோடு இதுவும். உண்மையைச் சொன்னால் நான் களைத்துப்போயிருந்தேன். யார் மீது கோபப்படுவது என்று தெரியாமல் அன்டிவைரஸ் மீது கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு வலிக்காது என்பது ஒரு வசதி.

போன மாரியில் ஒரு நாள் பாடசாலையில் தண்ணீர் வராததால் பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். மழையில் நனைந்து வந்ததால் முன்வாசலால் வராமல் பின்பக்கமாக உள்ளே வந்தேன். வாப்பா கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் அதைத் தொடுவார் என்றே எனக்குத் தெரியாது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு மிகக் கிட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, சிவப்புப் பெட்டி எழும்வரை காத்திருந்தார். அது எழுந்தது. மவுஸை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக நகர்த்தி, தனிமைப்படுத்து என்பதில் ஒரு அழுத்து அழுத்தினார். பெட்டி மறைந்தது. பழகிய கை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"நீங்களா வாப்பா? இவ்வளவு நாளும் நீங்களா?" என்று கத்தினேன். "நான் ஒவ்வொரு நாளும் வந்து இதோட மாரடிக்கிறேன். பஸ்ல நிண்டுக்கிட்டு வாறப்பயும் இதே யோசன. இண்டைக்கு இருக்குமா, இல்லாமப் போயிருக்குமா எண்டு. நீங்க ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

நனைந்த சேலையோடு நின்று இன்னும் என்னென்னவோ சொன்னேன். வாப்பா எதிர்த்துப் பேச முடியாதவர் என்பது அப்போது என் நினைவில் இல்லை. அவர் நான் ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்துக் கதிரையைத் தட்டி உட்காரச் சொன்னார். உதடுகளை நிதானமாக, ஒரு எழுத்தும் தவறாதபடி அசைத்தார்.

"பொட்டிக்குள்ள இருக்கிற அந்த மனிசன் சொகமா இருக்கான் மகள். அஞ்சு நேரமும் அவன்ட சத்தத்தக் கேட்டுக்கிட்டு என்னால இருக்க ஏலா."

அவர் தொடர்ந்தார். பள்ளியில் மோதினார் பாங்கு சொல்லத் தொடங்குவார். ஒவ்வொரு வரிக்கும் கேட்கிறவர் மனதுக்குள் பதில் சொல்ல வேண்டும். குரல் போனாலும் அது ஒன்றை மட்டும் வாப்பாவால் இன்னும் ஒழுங்காகச் செய்ய முடிகிறது, உதடு போதும். அந்த நேரம் பார்த்து முன்னறையிலிருந்து அவருடைய பழைய குரல் குறுக்கே விழுந்து கத்தும். எது யாருடைய வரி என்று குழம்பிப் பாதியில் விட்டுவிடுவார்.

"அப்ப ஏன் அழிக்கல்ல? அதுக்கும் பக்கத்துலயே பட்டன் இருக்கே" என்று கேட்டேன்.

இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மிளகு வியாபாரத்தில் இன்வொய்ஸ் பார்த்த மனிதருக்கு அந்தச் சொல் தெரியாமலா இருக்கும்? அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார்.

"அழிக்க மனசு வரல்ல. என்ட சத்தந்தானே" என்றார்.

அன்று நான் அதை மீட்டெடுத்தது பாங்கு சொல்ல வைப்பதற்காக அல்ல. தானாக ஓடாதபடி செய்து, தனியே ஒரு பென் டிரைவில் போட்டு, உம்மாவின் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பாடசாலைப் பக்கம் போகவே போகாத பென் டிரைவ் அது. அதை எப்போது, யார் போட்டுக் கேட்கப் போகிறார்கள் என்று நான் யோசிக்க விரும்பவில்லை. வாப்பாவும் கேட்கவில்லை.

மஹ்ரிபுக்குப் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். முன்னறை வாயை மூடிக்கொண்டிருந்தது. வாப்பா ஜன்னலருகே உட்கார்ந்து, ஒவ்வொரு வரியும் முடியக் காத்திருந்து, உதட்டால் பதில் சொல்லிக்கொண்டே போனார். கடைசி வரிவரை போனார். பிறகு கையேந்தி துஆக் கேட்டார். அவரைத் தொந்தரவு செய்யாமல் நானும் போய்த் தொழுதேன்.

தொழுது முடிக்கும்போது நானாவின் அழைப்பு வந்தது. வாப்பாவும் கேட்கட்டும் என்று நானாவிடம் சொல்லாமலே ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"என்ன தங்கச்சி, வாப்பாட பாங்கு சரியா வேல செய்யுதா?"

"கம்பியூட்டருக்கு ஏலாம போச்சு நானா. அன்டிவைரஸ் திரும்பத் திரும்பப் புடிக்குது. இனி அத உட்டுருவம்."

நானா குரலைத் தாழ்த்தினார்.

"சரி. ஆனா வாப்பாட்ட மட்டும் சொல்லிராத. அந்தச் சத்தம் இல்லாட்டி அவர் தாங்க மாட்டார்."

நான் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்திருந்தார். தோள்கள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. துவாரத்தில் மூச்சு புஸ் புஸ்ஸென்று வந்தது. இருமல் என்றுதான் முதலில் பயந்தேன். சத்தம் இல்லாத மனிதர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பின்னால் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது? நானா "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போனை அப்படியே விட்டுவிட்டு, வாப்பாவின் முகத்துக்கு எதிரே போய்க் குந்தினேன். கண்ணீர் தாடி வரை வழிந்திருந்தது. அதற்கு மேலே வாய், பல்லில்லாத வாய், நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தது.